இடது பின்சக்கரம், இரு தரப்பு முன்னிலையில்

உலகத்தில் இதுவரை யாராலும் ஏமாற்றப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்க்கிறார், மாடி வைத்த ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். இந்தத் தகவலை வெளியிட்டது அவரேதான் என்றாலும் அவர் பொய் சொல்லும் ஆளில்லை. இருபத்தாறு வருடச் சர்வீஸில் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த படிக்கல், துணிக்கடையில் ஒரு விரற்கடை குறைந்த அளவுகோல் என்று எல்லாவற்றையும் பார்த்தவர். கல்யாணமான மறுநாள் மனைவி தேநீரை நீட்டி, "ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருக்கேன்" என்றபோது ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒண்ணே முக்கால்" என்று திருத்தியவர். அந்த அம்மாள் அன்றைக்கே புரிந்துகொண்டு ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டு, பேசுவதற்கு வேறு துணை தேடிக்கொண்டார்.

ஆய்வாளருக்கு உலகத்தில் பிடித்த பொருள் முத்திரைக் குறடு. ஒரு தராசு சரியாக இருந்தால் அதன் திருகாணி வழியாக மெல்லிய கம்பியை விட்டு, இரண்டு நுனியையும் ஓர் ஈய வில்லைக்குள் செருகி, குறடால் ஒரு நெரி நெரிப்பார். அதன் பிறகு யாராவது தராசைத் திறந்தால் கம்பி அறுந்துவிடும், ஆள் மாட்டிக்கொள்வான். மனிதர்களுக்கும் இப்படி ஒரு திருகாணி இருந்தால் எவ்வளவு வசதி என்று அவர் சில சமயம் நினைப்பதுண்டு.

மனிதர்கள் என்றால் குறிப்பாக மருமகன். மருமகன் டைல்ஸ் ஒட்டுகிறவர். மகள் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆள். அவர்மீது ஆய்வாளருக்கு இருந்த குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"எதை மறைக்கறதுக்கு இப்படிச் சிரிக்கறான்?"

"பல்லு நல்லா இருக்கு, சிரிக்கறான்" என்பார் மனைவி, மிஷினை நிறுத்தாமல்.

மேல் வீடு நாலு மாதமாகக் காலி. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. மகளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்ததும், மனைவியின் தலைக்குள் ஒரே எண்ணம்தான்: மகள் மேலே வந்து குடியிருக்க வேண்டும். நாலு மாதமாக அந்த அம்மாள் மேலேயும் கீழேயுமாக ஏறி இறங்கி, ஜன்னல் கம்பிகளைச் சுரண்டி, அலமாரிகளுக்குக் காகிதம் போட்டு, திரைச்சீலைக்கு அளவெடுத்து வைத்திருந்தார். மருமகன் தன் லீவு நாட்களில் வந்து குளியலறைக்குப் புதுத்தரை போட்டுக் கொடுத்தார். ஆய்வாளர் ஒரு கோலிக்குண்டும் ஒரு குவளைத் தண்ணீருமாகப் போய்ச் சோதித்தார். கோலிக்குண்டு நேராகச் சாக்கடை வாய்க்கு உருண்டது. தண்ணீரும் அதையே செய்தது.

"இவ்வளவு சரியா இருக்கறதே சரியில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மகளும் மருமகனும் அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடிவருவதாக இருந்தது. அதற்குள்தான் கார் விஷயம் வந்தது.

மருமகனின் வேன் கிளட்ச் போய்ப் படுத்துவிட்டது. நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு வேலை ஒப்புக்கொண்டிருந்தார். பத்து நாளைக்கு மாமாவின் காரைக் கேட்டார். ஆய்வாளர் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு தாளில் நாற்பத்தொரு வரி எழுதினார். ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, பின்சீட்டில் ஏற்கெனவே உள்ள காபிக்கறை ஒன்று, அதன் நீளம், அகலம். மருமகன் சிரித்தபடியே வாங்கி, பானட்டின் மேல் வைத்துக் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"மாப்பிள்ளை, படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"நீங்க எழுதினதுதானே மாமா."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆய்வாளர் பத்து நாள் சாப்பிட்டார்.

"ஒரு வரி படிக்கல, பாத்தியா? இருபத்திரண்டாவது வரில 'என் வலது காதை அறுத்துத் தரச் சம்மதிக்கிறேன்'னு எழுதியிருந்தாலும் போட்டிருப்பான். படிக்காம கையெழுத்துப் போடறவன் ஒண்ணு முட்டாளா இருக்கணும், இல்ல எதுக்கும் துணிஞ்சவனா இருக்கணும். கேட்டா நம்பிக்கையாம்."

"நீங்க அப்படி எழுதியிருந்தீங்களா?"

"எதை?"

"காதை."

"இல்ல."

"அப்ப சரியாத்தானே போட்டிருக்கான்."

ஆய்வாளர் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். உண்மையில் காரைக் கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை அவர் வேறொரு ஏற்பாடும் செய்திருந்தார். காரை வாங்கிப் போகிறவன் உள்ளே இருக்கும் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழைய சாமானை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆகவே ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, ஈய வில்லை வைத்து நெரித்துவிட்டார். ஆபீஸ் குறடை வீட்டு வேலைக்கு எடுப்பது விதிமுறைக்கு விரோதம். அதனால் வாய் தேய்ந்து கழித்துப்போட்ட ஒரு பழைய குறடைப் பயன்படுத்தினார். இந்த மாதிரி விஷயங்களில் அவர் மிகவும் கறார்.

நாலு சக்கரத்துக்கும் முத்திரை போடுவதாகத்தான் திட்டம். ஒன்றைக் கழற்றி மாட்டியதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. எனவே இடது பின்சக்கரத்தை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொண்டார். அரசாங்கத்தில் எல்லாச் சோதனையும் மாதிரி எடுத்துத்தான்.

பத்தாம் நாள் திங்கட்கிழமை மாலை கார் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, காபிக்கறைகூடக் காணாமல் போயிருந்தது.

"கழுவியிருக்கான். எதைக் கழுவினான்?" என்றார் ஆய்வாளர்.

சாவியைக் கொடுக்கும்போது மருமகன் ஒன்று சொன்னார். "மாமா, முந்தாநேத்துலேர்ந்து பின்னாடி லேசா ஒரு சத்தம் வருது. அரைக்கற மாதிரி. நானே காட்டிடறேன்னு பாத்தேன், நேரமில்லாமப் போச்சு. நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டட்டுமா?"

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

ஆய்வாளர், மருமகன் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா, முந்திக்கறான். எடையில கை வெக்கற கடைக்காரனும் முதல்ல இப்படித்தான். 'வாங்க சார், தராசை ஒரு தரம் நல்லாப் பாத்துடுங்க சார்'னு அவனே கூப்பிடுவான்."

"பாக்கலாமான்னு கேட்டா திருடன். கேக்காட்டி?"

"கேக்காட்டி பெரிய திருடன்."

செவ்வாய்க்கிழமை காலையில் திரைச்சீலைத் துணி வாங்க இருவரும் கிளம்பினார்கள். தெருவைத் தாண்டுவதற்குள் அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. கர்ர்ர்ர் என்று, பழைய இரும்பு நாற்காலியை யாரோ சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டே பின்னால் வருவதுபோல. வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது. மெதுவாகப் போனால் மெதுவாக அரைத்தது.

"நீ பின்சீட்டுக்குப் போய் உக்காரு."

"எதுக்கு?"

"எந்தப் பக்கம்னு கேளு."

மனைவி நடுரோட்டில் இறங்கிப் பின்சீட்டில் ஏறினார். வலது பக்கம் காதை வைத்தார், இடது பக்கம் வைத்தார்.

"இடது பக்கம்தாங்க. பின்சக்கரம்."

ஆய்வாளர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் ஒரு கடையின் ஷட்டரை மூடி சீல் வைத்த நாளின் நிறைவு தெரிந்தது.

"நாலு சக்கரம் இருக்கு. நான் எதுல முத்திரை போட்டேனோ அதுலயே சத்தம். கை வெக்காம எப்படி வரும்?"

"எதுல என்ன போட்டீங்க?"

ஆய்வாளர் சொன்னார். மனைவி கொஞ்ச நேரம் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "துணிக்கடைக்குப் போங்க. பன்னிரண்டு மணிக்கு மேல கூட்டம் வந்துடும்" என்றார்.

துணி வாங்கி வந்த கையோடு ஆய்வாளர் மருமகனுக்குப் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை.

"எதை மாத்துனீங்க?"

"எதுல மாமா?"

"இடது பின்சக்கரத்துல."

அந்தப் பக்கம் டைல்ஸ் வெட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. "நான் டயருக்குக் காத்துகூட அடிக்கல மாமா" என்றார் மருமகன். அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று போனில் தெரியவில்லை. ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். இந்த வீட்டில் வளர்ந்தவள், அதனால் விசாரணை எப்படி நடத்துவது என்று அவளுக்கும் தெரியும்.

"அப்பா, அவர் எதையாவது கழட்டி எடுத்துட்டார்னு நினைக்கறீங்களா? நேரா சொல்லுங்க."

"நினைக்கல. சந்தேகப்படறேன். ரெண்டும் வேற."

"அவர் உங்க பாத்ரூமுக்கு ஆறு ஞாயித்துக்கிழமை முட்டி போட்டு உக்காந்து வேலை பாத்தார்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதைத்தாம்பா நானும் கேக்கறேன். அதுக்கும் இதுக்கும் என்ன? சரி, நாங்க மேல் வீட்டுக்கு வரல. உங்க தலைக்கு மேல குடியிருந்தா, ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து நடந்தாக்கூட ஏன் நாலு அடி வெச்சே, மூணுதானே வெக்கணும்னு விசாரணை வரும். போனை அம்மாகிட்ட குடுங்க."

மனைவி போனைக் காதில் வைத்து, "ம்" என்றார், இன்னொரு "ம்" என்றார், வைத்துவிட்டார். மிஷினில் திரைச்சீலை ஓரம் பாதி மடித்துத் தைத்தபடி ஊசிக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்கவும் இல்லை, தைக்கவும் இல்லை. மாடிப்படி ஏறிப் போய்க் காலி வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். அவர் சண்டை போட்டிருந்தால் ஆய்வாளர் பதில் தயாராக வைத்திருந்தார்.

"நிரூபிச்சுட்டா யாரும் பேச முடியாது" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

நிரூபிப்பதில் ஒரே ஒரு சிக்கல். முத்திரை இருக்கும் சக்கரத்தை மெக்கானிக் திறந்துவிட்டால் சாட்சி கலைந்துபோகும். ஆகவே திறக்காமலே நோயைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக் தேவைப்பட்டார்.

புதன்கிழமை முதல் மெக்கானிக். ஆள் நல்ல பருமன், கீழே குனிவதே அபூர்வம். காரை நாலு அடி உருட்டச் சொல்லிக் கேட்டார். "பேரிங்கு சார். சக்கரத்தைக் கழட்டினா சொல்லிடலாம்."

"கழட்டாம சொல்லுங்க."

"வயித்து வலின்னு வந்துட்டுச் சட்டையைத் தூக்க மாட்டேன்னா எப்படி சார்?"

வியாழக்கிழமை இரண்டாவது மெக்கானிக். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்றார். அவரும் கழற்ற வேண்டும் என்றார். ஆய்வாளர் ஒரு நோட்டில் எழுதினார்: ஒருவர் பேரிங் என்கிறார், ஒருவர் பேட் என்கிறார். இருவரில் ஒருவர் பொய்யர். இருவருமாகவும் இருக்கலாம். இருவருக்கும் மருமகனைத் தெரியுமா என்று விசாரிக்க வேண்டும்.

இதற்கிடையே சத்தம் முற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் வளாகத்தில் கார் நுழைந்தால் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் தலையைத் தூக்காமலே, "எடை வந்தாச்சு" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வந்தார். சட்டம் என்ன சொல்கிறது? சந்தேகத்துக்கிடமான கருவியைக் கடைக்காரர் முன்னிலையிலேயே திறக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வாய் பேச முடியாது. மனைவியின் போனை வாங்கி மருமகனுக்குச் செய்தி அனுப்பினார்: நாளை காலை பத்து மணிக்கு இடது பின்சக்கரம் இரு தரப்பு முன்னிலையில் திறக்கப்படும். தவறாமல் ஆஜராகவும்.

சரி மாமா என்று பதில் வந்தது. அதில் சிரிக்கும் பொம்மை எதுவும் இல்லை.

மூன்றாவது மெக்கானிக்கை எல்லோரும் காது என்றுதான் கூப்பிட்டார்கள். காது பெரிதாக இருந்ததால் அல்ல. ஒல்லியான, நரைத்த மனிதர். கார் தெருவில் வரும்போதே கடைக்குள் உட்கார்ந்தபடி இன்ன பாகம் என்று சொல்லிவிடுவார் என்ற பேர். ஒர்க்‌ஷாப் என்பது ஒரு தகரக் கொட்டகை. தரை முழுக்க ஆயில் ஊறி ஊறிக் கறுத்து, மண்ணா சிமெண்டா என்று தெரியாமல் இருந்தது. சுவரில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக மாட்டியிருந்தன. அந்த ஒழுங்கு ஆய்வாளருக்குப் பிடித்தது, பிடித்ததால் சந்தேகமும் வந்தது. காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழும் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

மருமகன் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே பஸ்ஸில் வந்து இறங்கினார். நகக்கண்களில் வெள்ளைச் சிமெண்டு. மாமியாருக்கு மட்டும் தலையசைத்தார். ஆய்வாளரின் மனைவி யாரும் கூப்பிடாமலே குடையோடு வந்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா சார் சத்தம்?" என்றார் காது.

"அதை இவர்தான் சொல்லணும்" என்று ஆய்வாளர் மருமகனைக் காட்டினார்.

"போன சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து அண்ணே. ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனேன், அதுக்கப்புறம்."

"பள்ளம்! இப்பத்தான் பள்ளம் வருது" என்றார் ஆய்வாளர்.

"ரோட்டுல இருந்துச்சு மாமா. நான் வெட்டல."

காது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டிக்குத்தான சத்தம்? ஏறுங்க, ஒரு ரவுண்டு போவோம்."

நாலு பேரும் ஏறினார்கள். காது ஓட்டினார். ஜன்னல்களை இறக்கிவிட்டு ஒரு நீளமான மதிலை ஒட்டி ஓட்டினார். மதிலில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது, மழையும் கூடவே வந்து ஆய்வாளரின் மடியை நனைத்தது. பிரேக்கை லேசாக மிதித்தார். சத்தம் மாறவில்லை.

"பேடா இருந்தா மிதிச்சா மாறும். மாறல."

பிறகு காலி மைதானம் ஒன்றில் இடதும் வலதுமாக வண்டியைச் சாய்த்து ஓட்டினார்.

"பேரிங்கா இருந்தா, பாரம் அந்தப் பக்கம் விழறப்ப கத்தும். கத்தல. வண்டி எந்தப் பக்கம் சாஞ்சாலும் இது பாட்டுக்கு ஒரே மாதிரி முனகுது."

பின்னோக்கி ஓட்டினார். கர்ர்ர் என்பது கிர்ர்ர் என்று குரலை மாற்றிக்கொண்டது. காது முதல் தடவையாகச் சிரித்தார்.

"சொந்தச் சாமான் இல்ல சார். உள்ள யாரோ விருந்தாளி இருக்கான்."

"நான் சொன்னேன்ல?" என்று ஆய்வாளர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "வேற சாமானை மாட்டியிருக்காங்க."

பின்சீட்டில் மருமகன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஆய்வாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் திரும்பி ஜாக்கி வைத்தார்கள். காது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. கையால் சுற்றினார். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை உள்ளே வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மெதுவாகச் சுற்றினார். ஆய்வாளர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் தோளுக்கு மேல் வந்து நின்றார்.

"சார், வெளிச்சம் எனக்கு வேணாம். நான் கேட்டுட்டிருக்கேன்."

நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்ததுதான் தாமதம், ஆய்வாளர் மெக்கானிக்கை விலக்கிக்கொண்டு உள்ளே டார்ச் அடித்தார். இரண்டு போல்ட்டும் தெரிந்தன. அவற்றின் மேல் எதுவும் இல்லை.

"இல்ல! பாத்தீங்களா? இல்ல!"

"என்ன இல்ல சார்?"

"முத்திரை! நான் போட்ட முத்திரை இல்ல. யாரோ அறுத்துட்டுத் திறந்திருக்காங்க." குரல் தகரத்தையும் மழையையும் தாண்டிக் கேட்டது. எதிர்க்கடையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. படிக்காம கையெழுத்துப் போட்டீங்களே, முப்பத்தெட்டாவது வரி. 'சக்கரத்தின் உட்பாகங்களில் கை வைக்க மாட்டேன்.' இருக்கா இல்லையா?"

மருமகன் பதில் சொல்வதற்குள் காது கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் சார். பிரேக்குக்குள்ள என்ன கட்டியிருந்தீங்க?"

"கட்டல. முத்திரை போட்டேன். கம்பி வெச்சு, ஈய வில்லை."

"எந்த மெக்கானிக் போடச் சொன்னார்?"

"என் காருக்கு நான் போட யாரைக் கேக்கணும்?"

காது கீழே குனிந்தார். பிரேக் தட்டுக்குப் பின்னால் தூசி படாமலிருக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதை ஒரு தட்டையான இரும்பால் நெம்பி, இடுக்கியை உள்ளே விட்டார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை எதையோ பிடித்து, பல் பிடுங்குகிறவர் மாதிரி மெதுவாக அசைத்து அசைத்து இழுத்தார். வந்தது. ஒரு பழைய துணியில் துடைத்து ஆய்வாளரின் உள்ளங்கையில் வைத்தார்.

கம்பி ஒரு புழுவைப்போலச் சுருண்டிருந்தது. ஈய வில்லை ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. மறுபக்கத்தில் தேய்ந்துபோன குறட்டின் அடையாளம், பாதி எண்ணோடு, இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஆய்வாளர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். கம்பியை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அங்கே இருந்த மூன்று பேருக்கும் மறுத்துப் பேசத் தெரியாது. ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டியது. கம்பியின் இரண்டு நுனியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்களின் தலையெழுத்தை அந்த நுனிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார். வெட்டிய நுனி வேறு மாதிரி இருக்கும்.

"கம்பி அறுபடவில்லை," என்றார், அறிக்கை வாசிக்கும் குரலில். "வில்லை சரியாக நெரிக்கப்படாததால் தானாக நழுவியிருக்கிறது." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "குறடு வாய் தேய்ஞ்சது" என்றார்.

மழை பெய்துகொண்டிருந்தது. காது பிரேக் தட்டின் மேல் விரலை ஓட்டினார். "கோடு கோடாக் கீறி வெச்சிருக்கு. நல்லவேளை, இதோட போச்சு. பிரேக்குக்குள்ளயே போய்ச் சிக்கியிருந்தா ஓடற வண்டில சக்கரம் பிடிச்சுக்கும்."

"போன ஞாயித்துக்கிழமை அவளும் கூட வந்தா" என்றார் மருமகன். யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "பின்சீட்டுல படுத்துத் தூங்கிட்டு வந்தா."

எப்போதும் சிரிக்கும் முகம் சிரிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆய்வாளர் அதுவரை பார்த்ததில்லை. அதில் மறைப்பதற்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

"மாமா, விசாரணை முடிஞ்சுதுங்களா? நான் கிளம்பலாமா? சைட்டுல ஆள் காத்திட்டிருக்கு."

"வண்டில விட்டுடறேன் மாப்பிள்ளை."

"வேணாம் மாமா. பஸ் இருக்கு."

அவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். மனைவி டயரிலிருந்து எழுந்தார். குடையை விரித்தார்.

"நீ எங்க போற?"

"நனைஞ்சுட்டுப் போறான் பாருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருமகன் பின்னால் போனார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நின்றார்கள். பஸ் வந்தது. இரண்டு பேருமே ஏறிவிட்டார்கள்.

காது சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கினார். "சார், இந்த வில்லையை என்ன பண்ண? போட்டுடவா?"

ஆய்வாளர் கையை மூடிக்கொண்டார்.

திரும்பி ஓட்டி வரும்போது காரில் எந்தச் சத்தமும் இல்லை. சத்தமே இல்லாத கார் ஒன்றை ஓட்டுவது இத்தனை சிரமமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தடவை ஓரமாக நிறுத்தி, ஏதாவது கேட்கிறதா என்று பார்த்தார்.

மனைவி அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தார். முட்டையும் ரொட்டியும் செய்து மேஜையில் வைத்தார். எங்கே போனாய் என்று ஆய்வாளர் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அது. மனைவியும் அதைக் கவனித்தார்.

"நாளைக்கு வராங்களாம்" என்றார். "குடிவர இல்ல. பேச."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே காலடிச் சத்தம் கேட்டது. மகளும் மருமகனும் கீழே வராமல் நேராக மேலே போய்விட்டார்கள். மனைவி முன்னாலேயே ஏறியிருந்தார். ஆய்வாளர் படியேறினார். ஒவ்வொரு படியையும் எண்ணுவது அவர் வழக்கம். அன்று எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ விட்டுப்போயிற்று.

வெறும் அறையில் பேசினால் எதிரொலித்தது. மகள் ஜன்னல் பக்கம் நின்றாள். கையில் இரண்டு தாள். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தது. மருமகன் சுவரோரமாக நின்று தன் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மாமா" என்றார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மகள். "அப்பா, நாங்க இங்க குடிவரணும்னா சில நிபந்தனை இருக்கு. எதை வேணா நான் விட்டுக்குடுப்பேன், இதுல இருக்கறதை விட்டுக்குடுக்க மாட்டேன். ஒவ்வொரு வரியா எழுதியிருக்கேன். உங்களுக்குச் சம்மதமான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அது இல்ல இது இல்லன்னு சொல்லக்கூடாது. ரெண்டு பக்கமும் இருக்கு, திருப்பிப் பாருங்க."

மனைவி ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

ஆய்வாளர் தாளை வாங்கினார். மருமகனைப் பார்த்தார். "மாப்பிள்ளை, பேனா இருக்கா?"

மருமகன் காதிடுக்கிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"எங்க போடணும்?"

"கடைசியில. முதல்ல படிங்கப்பா."

"கண்ணாடி கொண்டாரல" என்றார் ஆய்வாளர். சட்டைப்பையில் கண்ணாடி பாதிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் வாயைத் திறந்தாள். மனைவி துடைப்பதை நிறுத்தி அவளை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

அவர் தாளைச் சுவரில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே இருந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டார். பழக்கம் விடாமல் அடியில் தேதியும் போட்டார். பிறகு தாளை மடித்து மருமகனிடம் கொடுத்துவிட்டு, "சாமான் எத்தனை மணிக்கு வருது? படியில தூக்க ஒரு ஆள் வேணும்ல?" என்று கேட்டபடியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.